ஸ்லெட்டில் கேமரா பாதியில் அணைகிறது: பெரிய பேட்டரியா, பருத்த கம்பியா?

கேள்வி: திருச்சி வாசகர், 3 மே 2024, இரவு 9.12

செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்டெடிகேம் ஸ்லெட் வாங்கினேன்: நடுவில் ஒரு குழாய், மேல்முனையில் கேமரா, கீழ்முனையில் பேட்டரியும் மானிட்டரும் மாட்டும் சட்டம். 12 வோல்ட் காலத்துச் சரக்கு. கீழே ஒரே ஒரு வி-மவுண்ட் பேட்டரி, 98 வாட்-ஹவர். மேலே சினிமா கேமரா, ஃபோகஸ் மோட்டார், வீடியோ டிரான்ஸ்மிட்டர். பேட்டரி ஃபுல்லாக இருக்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை. பேட்டரியில் சார்ஜ் காட்டும் ஐந்து விளக்கில் இரண்டுக்கு இறங்கிய பிறகு ரெக்கார்டு அழுத்தினால் கேமரா செத்துவிடுகிறது. அதே பேட்டரியைக் கேமராவின் முதுகில் நேராக மாட்டினால் கடைசி விளக்குவரை ஓடுகிறது. மானிட்டரில் அவ்வப்போது படுக்கைக் கோடுகள் வேறு. கடைக்காரர் 150 வாட்-ஹவர் பேட்டரி வாங்கச் சொல்கிறார். வாங்கிவிடலாமா?

3 மே, இரவு 10.40

வாங்காதீர்கள். பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள்: முதுகில் மாட்டினால் ஓடுகிறது, கீழே மாட்டினால் ஓடவில்லை. பேட்டரி அதேதான், கேமரா அதேதான். நடுவில் இருக்கும் செம்பைப் பாருங்கள்.

ஒரு தோராயக் கணக்கு. மேலே இருக்கிற எல்லாம் சேர்ந்து 100 வாட் இழுக்கிறது என்று வைப்போம். இரண்டு விளக்கு நிலையில், லோடு ஏறும்போது பேட்டரி முனையில் 12.5 வோல்ட் இருக்கும். ஆக 8 ஆம்பியர். கேபிள், போஸ்ட் (அந்த நடுக் குழாய்), மறுபடி கேபிள் என்று ஒரு வழி 2.5 மீட்டர், போய்த் திரும்ப 5 மீட்டர். திரும்பும் கம்பியை மறந்துவிட்டுக் கணக்கு போடுகிறவர்கள்தான் அதிகம். 0.5 சதுர மி.மீ. கம்பி ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 39 மில்லிஓம். 5 மீட்டருக்கு 0.195 ஓம். 8 ஆம்பியரில் 1.56 வோல்ட் வழியிலேயே போய்விட்டது. கேமராவுக்கு வந்து சேருவது 10.94.

பல சினிமா கேமராக்களின் கீழ் எல்லை 11 வோல்ட். ஆரி நிறுவனத்தின் அலெக்ஸா மினி கேமராவுக்கு அச்சிட்டிருப்பதே 11 முதல் 34 வரைதான். 10.94-இல் கேமரா அணைவது பழுதே இல்லை, அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

உங்கள் போஸ்ட்டுக்குள் ஓடுவது 0.5-தானா என்பதைத் திறந்தால்தான் சொல்ல முடியும். பழைய ஸ்லெட்டுகளில் நான் பார்த்தது பெரும்பாலும் அந்த அளவுதான்.

3 மே, இரவு 11.25

மேலே போட்டது பள்ளிக்கூடக் கணக்கு. நிஜம் இன்னும் மோசம்.

பல்ப், ஹீட்டர் மாதிரியான லோடுக்கு வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையும். கேமரா அப்படி இல்லை. உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் தனக்கு வேண்டிய வாட்டை எப்படியும் எடுத்துக்கொள்ளும். வோல்டேஜ் இறங்கினால் ஆம்பியரை ஏற்றும். ஆம்பியர் ஏறினால் கம்பியில் இழப்பு கூடும், அதனால் வோல்டேஜ் இன்னும் இறங்கும். அந்தச் சுற்றைக் கடைசிவரை போட்டுப் பார்த்தால் கேமரா முனையில் 10.67 வோல்ட், கரண்ட் 9.4 ஆம்பியர், கம்பியில் மட்டும் 17 வாட் சூடு. கம்பி 1.5 சதுர மி.மீ. ஆக இருந்தால் அதே இடத்தில் 11.94 வோல்ட் நிற்கும். பேட்டரியில் ஒரு பைசா செலவில்லாமல் ஒன்றேகால் வோல்ட்!

ரெக்கார்டு அழுத்தும் நொடியில் அணைவதற்குக் காரணமும் இதுதான். ஸ்டாண்ட்பையில் எல்லைக்கு ஒரு விரல் மேலே நின்றுகொண்டிருக்கிறது. கார்டில் எழுதத் தொடங்கியதும் சில வாட் கூடுகிறது, அவ்வளவுதான் அதற்கு வேண்டியது.

4 மே, காலை 7.05

கடைக்காரருக்கும் ஒரு நியாயம் செய்துவிடுகிறேன். 150 வாட்-ஹவர் பேட்டரியில் பொதுவாக இணையாக வைத்த செல்கள் அதிகம். 98-இல் சின்ன உடம்புக்காரப் பேட்டரி என்றால், பெரிய கொள்ளளவு செல் எட்டே எட்டு: நான்கு வரிசையில், இரண்டு இணையாக. அந்த வகைச் செல் ஒன்று தொடர்ந்து தரக்கூடியது 5 ஆம்பியர் கிட்டே. இரண்டு இணை சேர்ந்தால் 10. நீங்கள் 9-க்கு மேல் இழுக்கிறீர்கள். பேட்டரி உள்ளேயே வோல்டேஜ் தொய்கிறது. பெரிய பேட்டரியில் அந்தத் தொய்வு குறையும், அணைவது அரை மணி நேரம் தள்ளிப்போகும். நோய் அப்படியே இருக்கும்.

பேட்டரி வாங்கும்போது எல்லோரும் வாட்-ஹவரைப் பார்க்கிறோம். எவ்வளவு நேரம் ஓடும் என்பதை மட்டும்தான் அது சொல்லும். ஒரே நேரத்தில் எத்தனை ஆம்பியர் தரும் என்பது பேட்டரியின் அடிப்பக்கம், எறும்பு எழுத்தில் இருக்கும். பேட்டரியின் பக்கவாட்டில் மற்ற சாமான்களுக்குப் பவர் எடுக்கும் டி-டாப் சாக்கெட்டுக்குத் தனியாக இன்னும் குறைந்த எல்லை போட்டிருப்பார்கள். அதையும் படியுங்கள். படிக்க முடியாவிட்டால் மொபைலில் போட்டோ எடுத்துப் பெரிதாக்குங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். வயசாகிவிட்டது.

4 மே, காலை 11.30

ஒருவர் கேட்டிருக்கிறார்: இவ்வளவு தொல்லை என்றால் பேட்டரியை ஏன் கீழே வைக்க வேண்டும், கேமரா பக்கத்திலேயே வைத்துவிட்டால் என்ன?

வைக்கலாம், அப்போது அது ஸ்டெடிகேம் இல்லை. காரெட் பிரௌன் 1970-களில் இதைச் செய்தபோது கண்ட விஷயமே அதுதான்: கேமராவை ஒரு முனையிலும் பேட்டரி, மானிட்டரை மறுமுனையிலும் தள்ளி வைத்துவிட்டால், நடுவில் விரலால் பிடிக்கக்கூடிய ஒரு புள்ளி கிடைக்கிறது. எடை பரந்து இருப்பதால் சட்டென்று திரும்பாது. நடக்கும்போது வரும் குலுக்கலுக்கு அது அசைந்துகொடுக்காது. பேட்டரி அங்கே மின்சாரத்துக்காக மட்டும் இல்லை, எதிர்எடையும் அதுதான்.

ஆக, படம் ஆடாமல் இருப்பதற்காகப் பேட்டரியைத் தூரத்தில் வைத்தோம். வோல்டேஜைத் தின்பதும் அந்தத் தூரம்தான். இரண்டையும் சேர்த்தே வாங்கியிருக்கிறோம்.

4 மே, இரவு 8.50

அளக்கும் முறை. கேள்வி கேட்டவருக்கும், "எனக்கும் அதே பிரச்சனை" என்று எழுதிய மற்ற நாலு பேருக்கும் சேர்த்து.

சும்மா இருக்கும்போது வோல்டேஜ் பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை. கரண்ட் ஓடாத கம்பியில் இழப்பே கிடையாது. தலைமுடி அளவு கம்பியிலும் மீட்டர் 14 காட்டும். எல்லாவற்றையும் ஆன் செய்து, கேமராவை ரெக்கார்டில் விட்டு அளக்க வேண்டும். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கும்போது தொடங்குங்கள், அணையாமல் இருக்கும்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேட்டரியின் ப்ளஸ் பின்னிலும், மறுமுனையை அந்த ப்ளஸ் அடுத்து எங்கே போய்ச் சேருகிறதோ அங்கேயும் வையுங்கள். ப்ளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே அளக்கச் சொல்லவில்லை, ப்ளஸுக்கும் ப்ளஸுக்கும் நடுவே. மீட்டர் காட்டுவது அந்தத் துண்டு தின்னும் வோல்டேஜ். அப்படியே ஒவ்வொரு கனெக்டராக மேலே ஏறுங்கள். பிறகு மைனஸ் பக்கம் இறங்குங்கள். மைனஸ் பக்கத்தை விட்டுவிட வேண்டாம்.

கரண்ட் பார்க்கக் கிளாம்ப் மீட்டர் வைத்திருப்பவர்கள் அது டிசி காட்டுமா என்று முதலில் பாருங்கள். எலக்ட்ரீசியன்களிடம் இருப்பது பெரும்பாலும் ஏசி மட்டும் காட்டும். டிசியில் பூஜ்யம் காட்டிக்கொண்டு சும்மா இருக்கும்.

புரோப் வழுக்கி ப்ளஸும் மைனஸும் தொட்டுவிட்டால் பொறி பறக்கும். நுனி மட்டும் தெரியும்படி புரோப்பில் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுக்கொள்ளுங்கள்.

6 மே, இரவு 9.30

திருச்சிக்காரர் அளந்து அனுப்பிவிட்டார். உழைப்பாளி. அவர் அனுமதியோடு போடுகிறேன்.

பேட்டரி முனையில் 12.6, கேமரா முனையில் 10.9. காணாமல் போனது 1.7 வோல்ட். (10.9-இலும் சில நொடி ஓடியதாம். எல்லையில் கொஞ்சம் கருணை வைத்திருக்கிறார்கள்.)

ப்ளஸ் பக்கம்: கீழ் கனெக்டர் 0.08, போஸ்ட் 0.42, மேல் கேபிள் 0.15.
மைனஸ் பக்கம்: மேல் கேபிள் 0.15, போஸ்ட் 0.42, கீழ் கனெக்டர் 0.48.

அந்தக் கடைசி எண்ணைப் பாருங்கள். ஒரே பின். அதன் ஜோடி 0.08 தின்னுமிடத்தில் இது 0.48 தின்கிறது. 9.2 ஆம்பியர் என்று வைத்தால் அந்தத் தொடுமுனை மட்டும் 52 மில்லிஓம். அரிசி பருமன் உள்ள பின்னில் 4 வாட்டுக்கு மேல் சூடு. தொட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "சுட்டது, வெயில் என்று நினைத்தேன்" என்கிறார். திருச்சியில் மே மாதம், நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

போஸ்ட்டில் இரண்டு பக்கமும் சேர்ந்து 0.84 வோல்ட், அதாவது 91 மில்லிஓம். சுருள் கம்பியை நீட்டினால் ஒரு வழி 1.2 மீட்டர் இருக்கும் என்கிறார். ஒரு மீட்டருக்கு 38 மில்லிஓம் வருகிறது. 0.5 சதுர மி.மீ.தான்.

நான் கம்பியை மட்டும் குற்றவாளி ஆக்கியிருந்தேன். பாதி அதுதான். ஆனால் முதலில் போக வேண்டியது அந்த சாக்கெட். அதை மாற்றினாலே 0.4 வோல்ட் திரும்பி வரும். போஸ்ட்டைத் திறக்காமல் ஒரு மாலையில் முடியும் வேலை.

6 மே, இரவு 10.15

மானிட்டர் கோடுகளுக்கும் காரணம் இப்போது கிடைத்துவிட்டது.

மைனஸ் வழி மோசமானால், திரும்பி வர வேண்டிய கரண்ட் வேறு வழி தேடும். கேமராவிலிருந்து கீழே மானிட்டருக்குப் படத்தைக் கொண்டுபோவது எஸ்டிஐ கேபிள். அதன் வெளிக்கூடும் மைனஸ்தான். பவர் கம்பியில் இடம் இல்லாத கரண்ட் அந்த மெல்லிய வலை வழியாக வருகிறது. படத்தோடு பேட்டரிக் கரண்டும் சேர்ந்து பயணம் செய்தால் கோடு வராமல் என்ன வரும்?

கோடு மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். எஸ்டிஐ போர்ட் கருகுவதும் இப்படித்தான். மானிட்டரையோ டிரான்ஸ்மிட்டரையோ மாட்டும்போது டி-டாப்பில் மைனஸ் சரியாக உட்காரும் முன் ப்ளஸ் தொட்டுவிட்டால், உள்ளே பாயும் மொத்தக் கரண்டும் எஸ்டிஐ கூடு வழியாகத் திரும்புகிறது. கேமராவின் வீடியோ அவுட் செத்துப்போகிறது. போர்டு மாற்ற வேண்டிவரும்.

வரிசை ஒன்றே ஒன்று: மாட்டும்போது பவர் முதலில், பிஎன்சி (எஸ்டிஐ கேபிளின் முனை) பிறகு. கழற்றும்போது பிஎன்சி முதலில், பவர் பிறகு. என் அசிஸ்டென்ட் இதை மார்க்கரில் எழுதிப் பெட்டி மூடியில் ஒட்டிவைத்திருக்கிறான். பக்கத்தில் எலுமிச்சம்பழமும் வைத்திருக்கிறான், அது அவன் நம்பிக்கை.

7 மே, மதியம் 1.20

சாக்கெட் மாற்றும்போது சில விஷயங்கள்.

பழையதைச் சுரண்டிச் சரிசெய்ய வேண்டாம். தங்க முலாம் தேய்ந்துபோன பின்னை உப்புத்தாளால் தேய்த்தால் இன்று பளபளக்கும், மாதம் கழித்து இன்னும் மோசமாகும். கடற்கரையில் ஷூட் செய்யும் செட்டுகளில் இது சீக்கிரம் வரும், உப்புக் காற்று.

பற்றவைக்கும்போது ஈயம் கம்பி இழைகளுக்குள் ஏறிய இடம் குச்சிபோல விறைத்துவிடும். அது முடிகிற இடத்தில்தான் கம்பி ஒடியும். அந்த இடம் வளையாதபடி கனெக்டரின் பிடிப்பான் இறுக்க வேண்டும், மேலே ஸ்லீவ் போட வேண்டும். கம்பிக்கு டிரோன், ஆர்சி விமானக்காரர்கள் பயன்படுத்தும் சிலிக்கான் உறை போட்ட மெல்லிழைக் கம்பி நல்லது. சென்னையில் ரிச்சி தெருவில் கிடைக்கும். வீட்டு வயரிங் கம்பி வேண்டாம். செம்பு சரி, ஆனால் உறை விறைப்பு. ஸ்லெட் திரும்ப நினைத்தால் கம்பி விடாது. அந்தத் தெருவில் விற்பது கேஜ் எண்ணில் இருக்கும்: எண் கூடினால் கம்பி மெலியும். 16 கேஜ் 1.3 சதுர மி.மீ., 20 கேஜ் 0.5.

எந்தக் கனெக்டராக இருந்தாலும் பழைய கம்பியின் நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள். 4 பின் எக்ஸ்எல்ஆரில் 1 மைனஸ், 4 ப்ளஸ், 12 வோல்ட். 24 வோல்ட்டுக்கு வரும் 3 பின்னில் 1 மைனஸ், 2 ப்ளஸ். சின்ன 2 பின் லெமோவில் முகம் ஒன்றாக இருக்கும், உள்ளே யாராவது மாற்றிப் போட்டிருப்பார்கள்.

7 மே, மாலை 6.00

ஃபியூஸ். பேட்டரிக்குப் பக்கத்தில் போடுங்கள், கேமரா பக்கத்தில் அல்ல. நடுவில் கம்பி நசுங்கினால் பேட்டரியிலிருந்து அந்த இடம்வரை காப்பாற்ற வேண்டும். கம்பி எரியாமல் பார்ப்பதுதான் அதன் வேலை. கேமராவைக் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். 0.5 கம்பிக்கு 15 ஆம்பியர் கார் ஃபியூஸ் போடுவது அழகுக்கு மட்டும். 10 போடுங்கள்.

தானாக மீளும் ஃபியூஸ் சில ஸ்லெட்டுகளில் உண்டு. சூடு அதிகமானால் அறுத்து, ஆறினால் சேரும் வகை. அது வெளிச்சூட்டையும் சேர்த்துத்தான் கணக்கிடும். கத்திரி வெயிலில் மொட்டைமாடி ஷூட்டில், குளிர்நாட்டில் வடிவமைத்த ஸ்லெட் தன் எண்ணுக்கு முன்னாலேயே அறுத்துவிடும். ஏசி ஃப்ளோரில் கொண்டுபோய்ச் சோதித்தால் ஒன்றும் ஆகாது. கம்ப்ளெயின்ட் கொடுக்கும் ஆபரேட்டரைப் பொய்யன் என்பார்கள்.

9 மே, இரவு 8.10

"24 வோல்ட்டுக்குப் போய்விட்டால் எல்லாம் தீருமே?"

பாதி தீரும். அதே 100 வாட், அதே 0.5 கம்பி, 24 வோல்ட்டில்: கரண்ட் 4.3, இழப்பு 0.84 வோல்ட், கம்பிச் சூடு 3.6 வாட். முன்பு 17 இருந்தது. அடியில் ஒரு ஸ்டெப்-அப் பெட்டி வைத்து 14-ஐ 24 ஆக்கி மேலே அனுப்புவது அதனால்தான்.

ஆனால் அந்தப் பெட்டிக்குக் கரண்ட் கொடுப்பது அதே பழைய பேட்டரி. 100 வாட் எடுக்க 8 ஆம்பியர், பெட்டி தனக்கென்று தின்பதையும் சேர்த்தால் 9. செல்லின் தொய்வு அப்படியே இருக்கிறது. இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்தால், அல்லது பிறப்பிலேயே 24 வோல்ட் உள்ள பி-மவுண்ட் (B-Mount) பேட்டரி வாங்கினால், செல்களும் நிம்மதி அடையும். 2022-இல் வந்த அலெக்ஸா 35 அந்தப் பக்கம் போய்விட்டது, 20.5-க்குக் கீழே அது பேசாது. வாடகைக்கு அதை எடுக்கிறவர்கள் ஸ்லெட் எந்தக் காலத்தது என்று முதலில் கேளுங்கள்.

போஸ்ட்டைத் திறக்க வேண்டி வந்தால் வேறு ஒரு வழியும் இருக்கிறது. பழைய ஸ்லெட்டுகளில் இப்போது யாரும் பயன்படுத்தாத கம்பிகள் உள்ளே சும்மா ஓடிக்கொண்டிருக்கும். ஒரே பருமன், ஒரே நீளம் என்றால் ப்ளஸுக்கு ஒன்று, மைனஸுக்கு ஒன்று இணையாகச் சேர்த்துவிடலாம். இழப்பு பாதி. இரண்டு முனையிலும் உறுதியாகச் சேர வேண்டும். ஒன்று விட்டுப்போனால் மிச்சம் இருக்கும் ஒற்றைக் கம்பி முழுச் சுமையையும் தாங்கும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

9 மே, இரவு 9.40

கல்யாண வீடியோ நண்பர் கையில் பிடிக்கும் மோட்டார் கிம்பல் பற்றிக் கேட்கிறார்: கிம்பல் கைப்பிடியிலிருந்தே கேமராவுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் பவர் எடுக்கலாமா?

டிஜேஐ நிறுவனத்தின் ஆர்எஸ் 2, ஆர்எஸ் 3 ப்ரோ கிம்பல்களின் பேட்டரிக் கைப்பிடி 15.4 வோல்ட், 1950 மில்லிஆம்பியர்-ஹவர்: 30 வாட்-ஹவர். கிம்பலுக்கு அது தாராளம், ஏனென்றால் பேலன்ஸ் சரியாக இருந்தால் மோட்டார்கள் எடையைத் தூக்குவதே இல்லை, அசைவை மட்டும் திருத்துகின்றன. 12 மணி நேரம் என்று போட்டிருப்பது அந்த நிலைக்கு. அதிலேயே 20 வாட் சாமான்களைத் தொங்கவிட்டால் முகூர்த்தம் முடியும் முன் கைப்பிடி தொங்கிவிடும். தாலி கட்டும்போது கிம்பல் தலை குனிந்தால் மாப்பிள்ளை வீட்டார் அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தனிப் பேட்டரி வையுங்கள், முடிந்தால் கேமரா உட்காரும் மேல்தட்டிலேயே. காரணம் மின்சாரம் மட்டுமல்ல. கைப்பிடியிலிருந்து கேமராவுக்கு வரும் கம்பி மூன்று அச்சையும் கடக்கிறது. விறைத்த கம்பி ஒரு ஸ்பிரிங். மோட்டார் ஒவ்வொரு நொடியும் அந்த ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டும்: நடுக்கம், சூடு, பேட்டரி வேகமாக இறங்குதல். கம்பி கடந்தே ஆக வேண்டுமென்றால் மெல்லிய, தொளதொளப்பான சிலிக்கான் கம்பி. அச்சின் மையத்துக்கு அருகில் ஒரு வளையம் விட்டு. கம்பி பருமனாக வேண்டும் என்று இவ்வளவு நேரம் பேசிவிட்டு மெல்லியது வேண்டும் என்கிறேன். 20 வாட்டுக்கு ஒன்றரை ஆம்பியர்தான், நீளமும் அரை மீட்டர். அங்கே மெல்லியது போதும்.

13 மே, காலை 8.00

திருச்சியிலிருந்து செய்தி. சாக்கெட் மாற்றியாகிவிட்டது. பழைய 98-இலேயே கேமரா கடைசி விளக்கின் தொடக்கம்வரை ஓடுகிறது, மானிட்டரில் கோடு இல்லை. போஸ்ட்டை இன்னும் திறக்கவில்லை.

அதற்குள் 150 வாட்-ஹவர் பேட்டரியும் வாங்கிவிட்டாராம்! இப்போது ஸ்லெட் "ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது" என்று கேட்கிறார். ஆடத்தான் செய்யும். அடிப்பக்கம் எடை கூடிவிட்டது. ஸ்லெட்டைக் கிடைமட்டமாகப் பிடித்து விட்டால் நேராகி நிற்கும் இடத்தைக் கடக்க 2 முதல் 3 நொடி ஆக வேண்டும். உங்களுடையது ஒரு நொடியில் விழுந்திருக்கும். ஸ்லெட்டின் கிம்பலை (மோட்டார் இல்லாதது, போஸ்ட்டில் கைப்பிடியோடு இருக்கும் சுழல் மூட்டு) போஸ்ட்டில் கொஞ்சம் கீழே இறக்குங்கள். பேட்டரியை அடித்தட்டில் போஸ்ட்டை நோக்கி உள்ளே தள்ளுங்கள், இல்லாவிட்டால் சுழற்றும்போது தள்ளாடும். எடையைக் கூட்டினால் இதையெல்லாம் முதலிலிருந்து செய்தாக வேண்டும். பெரிய பேட்டரி வேண்டாம் என்றதற்கு இது இரண்டாவது காரணம், எழுத விட்டுப்போனது.

13 மே, காலை 8.20

இன்னொன்று. வெளியூர் ஷூட்டுக்கு விமானத்தில் போவதாக இருந்தால்: 100 வாட்-ஹவர் வரை உள்ள பேட்டரிக்கு முன் அனுமதி தேவையில்லை, 98 என்ற எண் சந்தை முழுக்க இருப்பதற்குக் காரணம் அதுதான். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், உதிரியாக இரண்டுக்கு மேல் கிடையாது. எந்த உதிரிப் பேட்டரியையும் கைப்பெட்டியில்தான் எடுத்துப்போக வேண்டும், செக்-இன்னில் போடக் கூடாது. முனைகளில் டேப் ஒட்டுங்கள். 150-ஐக் கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், கவுன்டரில் நின்று விவாதிக்க வேண்டாம்.